நீராவி எஞ்சினின் டெண்டர்: அமைப்பும் மாற்றங்களும்

புதுதில்லியின் சாணக்கியபுரியில் 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். மாணவர்கள் எஞ்சினின் முன்புறத்தையும் புகைபோக்கியையும் பெரிய சக்கரங்களையும் பார்த்து வியக்கிறார்கள். டிரைவர் நிற்கும் அறையினுள் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் அந்த அறைக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருக்கும் பெரிய இரும்புப் பெட்டியை எவரும் அதிகமாகப் பொருட்படுத்துவதில்லை. கரி ஏற்றிச் செல்லும் சாதாரண வண்டி என்றே அதனை எண்ணி விடுகின்றனர்.

அப்பெட்டிக்கு டெண்டர் என்று பெயர். அது எஞ்சினால் இழுக்கப்படும் வண்டிகளுள் முதலாவது அன்று. எஞ்சினின் ஓர் உறுப்பே ஆகும். எஞ்சின் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடலாம், எந்தப் பாதையில் ஓடலாம், எவ்வளவு வேகத்தில் அபாயமின்றி ஓடலாம் என்ற மூன்றையும் நிர்ணயிப்பதில் டெண்டருக்குப் பெரும் பங்கு உண்டு. இதனை மறந்து செய்த அமைப்புகள் தொல்லை விளைவித்ததையும், நம் நாட்டில் ஒரு சமயம் அத்தொல்லை உயிர்ச்சேதத்தோடு தொடர்பு கொண்டிருந்ததையும் இக்கட்டுரையில் காண்போம்.

டெண்டர் ஏன் தேவைப்பட்டது?

நீராவி எஞ்சினுக்குத் தீனி இரண்டு: கரி, நீர். இவ்விரண்டையும் எஞ்சின் தன்னோடு சுமந்து செல்ல வேண்டும். 1829-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவன்சன் குடும்பத்தார் அமைத்த புகழ்பெற்ற "ராக்கெட்" எஞ்சினின் பின்னால் ஒரு சிறு வண்டி இணைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் நீர் நிரப்பிய ஒரு பீப்பாய் இருந்தது. டெண்டரின் தொடக்கம் இத்துணை எளிமையானது.

எல்லா எஞ்சின்களுக்கும் டெண்டர் உண்டு என்று கருதுவது பிழை. இந்தியாவின் மிகப் பழைய எஞ்சின்களுள் ஒன்றான "ஃபேரி குவீன்" இதற்கு நல்ல சான்று. 1855-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, கிழக்கிந்திய ரயில்வேக்காக அதே ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த எஞ்சின் இது. இதன் நீர்த்தொட்டி எஞ்சினின் சட்டத்துக்குள்ளேயே, கொதிகலனுக்குக் கீழே அமைந்துள்ளது. கிணறுபோல் கீழே இருப்பதால் இதனைக் கிணற்றுத் தொட்டி எஞ்சின் என்பர். அதில் சுமார் 3,000 லிட்டர் நீரே கொள்ளும். சென்னைப் பெரம்பூரில் பழுது பார்க்கப்பட்டு, 1997-ஆம் ஆண்டில் தில்லி கன்டோன்மென்ட் நிலையத்துக்கும் ஆல்வாருக்கும் இடையே இவ்வெஞ்சின் சுற்றுலா ரயிலாக ஓடத் தொடங்கியபோது உலகம் முழுவதும் அதன் புகழ் பரவிற்று.

இவ்வாறு நீரையும் கரியையும் தன்மீதே சுமக்கும் எஞ்சினைத் தொட்டி எஞ்சின் என்றும், தனி வண்டியில் கொண்டு செல்லும் எஞ்சினை டெண்டர் எஞ்சின் என்றும் வகைப்படுத்துவர். இரண்டிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

தொட்டி எஞ்சினில் நீரின் பளு இயக்குச் சக்கரங்களின்மேல் விழுகிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிப்பு, சக்கரத்தின்மேல் உள்ள பளுவைப் பொறுத்தது. ஆகவே நீரின் பளு வீணாவதில்லை, பிடிப்புக்கு உதவுகிறது. ஆனால் நீர் குறையக் குறையப் பிடிப்பும் குறைந்துகொண்டே வரும். டெண்டர் எஞ்சினில் இந்தக் குறை இல்லை. டெண்டர் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் இயக்குச் சக்கரங்களின் பளு ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். ஆனால் டெண்டரின் பளு முழுவதும் எஞ்சின் இழுத்துத் தீரவேண்டிய சுமையாகி விடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை ரயிலை நம் வாசகர்களில் பலர் கண்டிருப்பர். அதன் பற்சக்கரப் பாதையில் ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஆகும். அத்தகைய ஏற்றத்தில் பயனற்ற சுமை ஒவ்வொரு டன்னும் பெரும் தண்டனை. எனவே அங்கே ஓடும் எஞ்சின்கள் டெண்டர் இல்லாத தொட்டி எஞ்சின்களாகவே அமைக்கப்பட்டன. சமவெளியில் நெடுந்தூரம் ஓடும் எஞ்சினுக்கோ டெண்டரைத் தவிர வேறு வழி இல்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வகையையும் தில்லி அருங்காட்சியகத்தில் காணலாம். வங்காள நாகபுரி ரயில்வேக்காக இங்கிலாந்தின் பேயர் பீகாக் தொழிற்சாலையில் செய்யப்பட்ட "காரட்" வகை எஞ்சின் அது. நடுவே ஒரு பெரிய கொதிகலன். அதன் முன்னும் பின்னும் தனித்தனியே சக்கரத் தொகுதிகள். முன் தொகுதியின்மேல் நீர்த்தொட்டி. பின் தொகுதியின்மேல் கரியும் நீரும். டெண்டரை இரண்டாகப் பிரித்து, அவற்றின் அடியில் இயக்குச் சக்கரங்களைப் பொருத்தியதுபோன்ற அமைப்பு இது என்று மாணவர்களுக்கு விளக்கலாம்.

நீருக்கும் கரிக்கும் உள்ள கணக்கு

டெண்டரில் எவ்வளவு கரி, எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? இதனை எளிய கணக்கினால் அறியலாம்.

நடுத்தரமான இந்தியக் கரி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 6,000 கிலோ கலோரி உஷ்ணம் வெளிப்படுகிறது எனக் கொள்வோம். கொதிகலனின் திறன் நூற்றுக்கு 65 என்றால், நீரைச் சென்றடையும் உஷ்ணம் 3,900 கிலோ கலோரி. சாதாரண உஷ்ணநிலையில் உள்ள ஒரு கிலோ நீரை உயர்ந்த அழுத்தமுள்ள நீராவியாக மாற்றச் சுமார் 650 கிலோ கலோரி தேவை. 3,900-ஐ 650-ஆல் வகுக்க 6 கிடைக்கிறது. அதாவது ஒரு கிலோ கரி சுமார் 6 கிலோ நீரை ஆவியாக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டு அகலப் பாதைகளில் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்த டபிள்யூ.பி. வகை எஞ்சினின் டெண்டர் அளவில், சுமார் 25,000 லிட்டர் நீரும் 15 டன் கரியும் கொள்ளும் ஒரு டெண்டரை எடுத்துக்கொள்வோம். நீர் முழுவதும் ஆவியாவதற்கு வேண்டிய கரி 4 டன்னுக்குச் சற்று அதிகம். ஆனால் டெண்டரில் உள்ளதோ 15 டன். அந்தக் கரி முழுவதையும் எரிக்க வேண்டுமானால் 90 டன் நீர் வேண்டும். அதாவது டெண்டரை ஏறக்குறைய நான்கு முறை நிரப்ப வேண்டும்.

இது கணக்குத் தவறு அன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கரி ஏற்றுவதற்கு எஞ்சின் கொட்டகைக்குச் செல்ல வேண்டும். நேரமும் ஆட்களும் தேவை. நீர் நிரப்புவதோ நிலைய மேடையின் கோடியில் நிற்கும் நீர்த் தூணிலிருந்து சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆதலால் கரியை ஒரு முழுப் பயணத்துக்கும், நீரைப் பயணத்தின் ஒரு பகுதிக்கும் போதுமான அளவில் வைத்தனர். முக்கிய நிலையங்களில் வண்டி அதிக நேரம் நின்றதற்கு ஒரு காரணம் இதுதான். எஞ்சின்கள் நிற்கும் இடங்களும், நீர்த் தொட்டிகளும், அவற்றைச் சார்ந்து வளர்ந்த ரயில்வே குடியிருப்புகளும் பெருமளவுக்கு டெண்டரின் கொள்ளளவைப் பின்பற்றி ஏற்பட்டவை.

அப்படியானால் டெண்டரை இன்னும் பெரிதாகச் செய்தால் என்ன? இங்கே பாதை குறுக்கிடுகிறது. மேற்கூறிய டெண்டரில் நீரும் கரியும் சேர்ந்து 40 டன். வெற்று டெண்டரின் எடை சுமார் 30 டன். மொத்தம் 70 டன். இதனை மூன்று அச்சுகளின்மேல் தாங்கினால் ஓர் அச்சுக்கு 23 டன்னுக்கு மேல் பளு விழும். டபிள்யூ.பி. எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட அச்சுப் பளு சுமார் 18½ டன்தான். ஆகவே நான்கு அச்சுகள் தேவையாயின. நான்கு அச்சுகளை ஒரே விறைப்பான சட்டத்தில் பொருத்தினால் வளைவுகளில் திரும்புவது கடினம். எனவே இரண்டிரண்டு அச்சுகளாகப் பிரித்து, தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு போகிகளின்மேல் டெண்டரை அமைத்தனர். பழைய எஞ்சின்களின் மூன்று அச்சு டெண்டர் மறைந்து போகி டெண்டர் வழக்குக்கு வந்த காரணம் இதுவே.

டெண்டர் நீண்டால் எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடையின் நீளமும் போதாமற் போகும். பழைய மேடையில் புதிய எஞ்சின் அடங்காவிடில், மேடையை இடித்துப் பெரிதாகக் கட்ட வேண்டும். ஒரு டெண்டரின் நீளத்தைச் சில அடிகள் கூட்டுவதற்குள் இத்தனை விஷயங்களை ஆராய வேண்டியிருந்தது.

டெண்டரின் உள்ளே

வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பெட்டிபோல் தோன்றினாலும் டெண்டரின் உள்ளமைப்பில் பல நுட்பங்கள் உள்ளன.

முதலாவது, அலை தடுப்பு. பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, திடீரென்று நின்றால் நீர் முன்னோக்கிப் பாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து டன், பதினைந்து டன் நீர் அவ்வாறு பாய்ந்தால் அது சம்மட்டி அடிபோல் எஞ்சினைத் தாக்கும். இதனைத் தடுக்கத் தொட்டியின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளையுள்ள தகடுகள் பொருத்தப்படுகின்றன. நீர் துளைகளின் வழியே மெதுவாகப் போய் வரலாம். திரளாகப் பாய முடியாது. இத்தகடுகள் தொட்டியின் சுவர்களுக்கும் வலுவூட்டுகின்றன.

இரண்டாவது, கரி இருக்கும் பகுதியின் சரிவு. கரி எரியும் உலை முன்னால் இருக்கிறது. ஃபயர்மன் ஒவ்வொரு முறையும் டெண்டரின் பின்கோடிவரை சென்று கரி எடுத்துவர இயலாது. ஆகவே கரிப் பகுதியின் அடித்தளம் பின்னால் உயர்ந்தும் முன்னால் தாழ்ந்தும் இருக்கும். வண்டியின் அதிர்ச்சியில் கரி தானே முன்னோக்கிச் சரிந்து வரும். சரிவு குறைவாக இருந்தால் கரி வராது. மிகுதியாக இருந்தால் அடியிலுள்ள நீர்த் தொட்டியின் இடம் குறையும். கனமான வண்டி இழுக்கும்போது ஒரு மணி நேரத்தில் டன் கணக்கில் கரியை மண்வெட்டியால் அள்ளிப் போட்ட ஃபயர்மன்களுக்கு இந்தச் சரிவின் அருமை நன்கு தெரியும். கோடைக் காலத்தில் தில்லிச் சமவெளியில் உலையின் வெப்பமும் வெயிலின் வெப்பமும் சேர்ந்து தாக்க, இவ்வேலை செய்தவர்களின் சிரமம் எந்தப் புள்ளிவிவரத்திலும் அடங்காது.

மூன்றாவது, நீரின் உஷ்ணநிலை. டெண்டரிலிருந்து கொதிகலனுக்கு நீரைச் செலுத்த "இன்ஜெக்டர்" என்னும் கருவி பயன்படுகிறது. 1858-ஆம் ஆண்டு ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஹென்ரி ஜிஃபார் கண்டுபிடித்த இக்கருவியில், வேகமாகப் பாயும் நீராவி குளிர்ந்த நீரில் கலந்து சுருங்கி, அந்த நீரைக் கொதிகலனுள் தள்ளுகிறது. நீராவி சுருங்குவதற்குக் குளிர்ந்த நீர் அவசியம். டெண்டரில் உள்ள நீர் மிகவும் சூடேறிவிட்டால் சாதாரண இன்ஜெக்டர் வேலை செய்ய மறுக்கும். கொதிகலனில் நீர் குறைந்தால் உலையின் கூரைத் தகடு காய்ந்து வெடிக்க நேரிடும். எனவே எஞ்சினை ஓட்டுவோர் டெண்டரின் நீர் அளவில் மட்டுமின்றி, அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதிலும் கருத்தாக இருப்பர்.

நான்காவது, பிரேக். நிறைந்த டெண்டரின் எடை 70 டன். காலி டெண்டரின் எடை 30 டன். நிறைந்த எடைக்கு ஏற்றவாறு பிரேக்கை அமைத்தால், டெண்டர் காலியானபின் அதே விசை சக்கரங்களைச் சுழலவிடாமல் பிடித்து, தண்டவாளத்தின்மேல் தேய்க்கச் செய்யும். சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகி விடும். ஆதலால் பிரேக் விசையைக் காலி எடையை மனத்தில் வைத்தே நிர்ணயிக்க வேண்டியிருந்தது.

எஞ்சினும் டெண்டரும் இணையும் இடம்

டெண்டரின் அமைப்பில் மிகவும் முக்கியமானதும், பார்வைக்கு மிகவும் குறைவாகத் தென்படுவதுமான பகுதி ஒன்று உண்டு. டிரைவர் நிற்கும் மேடைக்குக் கீழே, எஞ்சினும் டெண்டரும் இணையும் இடமே அது. அங்கே வண்டியின் பளு முழுவதையும் தாங்கும் ஓர் இழுதண்டு உண்டு. வழக்கமான அமைப்பில், அத்துடன் இரு சட்டங்களுக்கும் இடையே வில்லின் அழுத்தத்தோடு நெருங்கி நிற்கும் பஃபர்களும் இருக்கும். இந்த பஃபர்கள் வெறும் முட்டுக்கட்டைகள் அல்ல. அவற்றின் முகங்கள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதால், எஞ்சினின் பின்பகுதி பக்கவாட்டில் ஆட முயலும்போது அந்த உராய்வு அதனைத் தடுக்கிறது.

எஞ்சின் ஏன் பக்கவாட்டில் ஆட வேண்டும்? ரயில் சக்கரங்களின் ஓரம் சற்றுக் கூம்பு வடிவமானது. இக்கூம்பு வடிவம் சக்கரத்தைப் பாதையின் நடுவே கொண்டுவர உதவுகிறது. ஆனால் நடுவே வந்த சக்கரம் அங்கேயே நின்றுவிடாமல் சற்று மறுபுறம் சென்று, பின்னர் திரும்புகிறது. இவ்வாறு வளைந்து வளைந்து ஓடும் இயல்பு எல்லா ரயில் வாகனங்களுக்கும் ஓரளவு உண்டு. வேகம் கூடக்கூட இந்த ஆட்டம் விரைவாகிறது. அதனைத் தணிக்கும் வில்களும் உராய்வும் போதாவிடில் ஆட்டம் வளர்ந்து, சக்கரங்கள் தண்டவாளத்தைப் பக்கவாட்டில் பலமாகத் தாக்கும்.

இப்பாடத்தை நம் நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1920-களின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்களுக்கென்று பொதுவான திட்டப்படி எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. என்னும் மூவகை பசிஃபிக் எஞ்சின்கள் வரவழைக்கப்பட்டன. முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு இயக்குச் சக்கரங்கள், பின்னே இரண்டு சிறு சக்கரங்கள் கொண்ட எஞ்சினைப் பசிஃபிக் என்பர். இலேசான பாதைகளுக்கு எக்ஸ்.ஏ., நடுத்தரமான பாதைகளுக்கு எக்ஸ்.பி., கனமான பாதைகளுக்கு எக்ஸ்.சி. என்பது ஏற்பாடு. தரங்குறைந்த கரியையும் எரிக்க வேண்டும் என்பதற்காக அகன்ற உலை அமைக்கப்பட்டிருந்தது. இவ்வெஞ்சின்களில் டெண்டரை இணைப்பதற்கு "கூடால்" அமைப்பு என்னும் புதிய முறை கையாளப்பட்டது. அதில் எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே தாராளமான அசைவுக்கு இடமிருந்தது. வளைவுகளில் திரும்புவது எளிதாயிற்று. ஆனால் பழைய முறையில் பஃபர்கள் அளித்துவந்த உராய்வுத் தடை அதில் இல்லை.

பாதையில் ஓடத் தொடங்கிய பின் இவ்வெஞ்சின்கள், குறிப்பாக எக்ஸ்.பி. வகை, வேகத்தில் ஊசலாடுவதாகவும் பாதையை வளைப்பதாகவும் புகார்கள் எழுந்தன. வேகக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1937-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, பஞ்சாபிலிருந்து ஹௌராவுக்குச் சென்றுகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டி பாட்னாவுக்கு மேற்கே பிஹ்டா என்னும் இடத்துக்கு அருகில் தடம் புரண்டது. வண்டியை இழுத்தது எக்ஸ்.பி. எஞ்சின். நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகள் உயிரிழந்தனர்.

அலகாபாத் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் தாம் இவ்விபத்தைப் பற்றி விசாரணை நடத்தினார். அதன்பின் பசிஃபிக் எஞ்சின்களை முழுமையாக ஆராய ஒரு தனிக் குழு அமைக்கப்பட்டது. பிரிட்டிஷ் ரயில்வேக்களைப் பரிசோதிக்கும் தலைமை அதிகாரி கர்னல் மௌன்ட் அதன் தலைவர். புகழ்பெற்ற எஞ்சின் அமைப்பாளர் சர் வில்லியம் ஸ்டேனியர் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். 1938-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த இக்குழுவின் அறிக்கை 1939-இல் வெளியாயிற்று.

விபத்துக்குக் காரணம் டெண்டர் இணைப்பு ஒன்றே என்று கூறுவது தவறாகும். பாதையின் வலிமை, வேகம், முன்சக்கர போகியையும் பின்சக்கரத் தொகுதியையும் நடுவில் நிறுத்தும் வில்களின் பலவீனம் ஆகிய பலவும் சேர்ந்தே ஊசலாட்டத்தை விளைவித்தன. ஆயினும் எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே உராய்வுத் தடை இல்லாதது குழுவினர் சுட்டிக்காட்டிய குறைகளுள் ஒன்று. டெண்டரைத் தன்போக்கில் விட்டால் எஞ்சின் தனியே ஆடுகிறது. டெண்டரை உறுதியாகப் பிணைத்தால், பல டன் எடையுள்ள டெண்டரே எஞ்சினின் வாலைப் பிடித்து நிறுத்தும் நங்கூரமாகிறது. டெண்டர் எஞ்சினின் ஓர் உறுப்பு என்று தொடக்கத்தில் கூறியதன் பொருள் இதுதான்.

குழுவின் யோசனைப்படி பழைய எஞ்சின்களில் திருத்தங்கள் செய்யப்பட்டன. யுத்தத்துக்குப் பின் புதிய எக்ஸ்பிரஸ் எஞ்சின் திட்டமிடப்பட்டபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து வந்த 16 எஞ்சின்களோடு தொடங்கிய டபிள்யூ.பி. வகை, மொத்தம் 755 எஞ்சின்களாகப் பெருகிற்று. அவற்றில் ஒரு பகுதி நமது சித்தரஞ்சன் தொழிற்சாலையிலேயே 1960-களில் செய்யப்பட்டது. மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் அவை நாடெங்கும் பல்லாண்டுகள் ஓடின. தில்லிக்குத் தென்மேற்கே உள்ள ரேவாரி நீராவி எஞ்சின் கொட்டகையில் இவ்வகை எஞ்சின்களை இன்றும் காணலாம்.

வெளிநாட்டு மாற்றங்கள் சில

டெண்டர் அமைப்பில் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்தது. அவற்றுள் மூன்றை மட்டும் இங்குக் குறிப்பிடுவோம்.

இங்கிலாந்தில் 1860-ஆம் ஆண்டில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்பவர் தண்டவாளங்களுக்கு நடுவே நீண்ட நீர்த் தொட்டிகளை அமைத்தார். ஓடும் டெண்டரின் அடியிலிருந்து ஓர் அகப்பையைத் தாழ்த்தினால், வண்டியின் வேகமே நீரை மேலே ஏற்றிவிடும். நிற்காமலே நீர் நிரப்பிக்கொள்ள முடிந்ததால் டெண்டரைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

நீர்த் தடை நீங்கியபின் மனிதனின் களைப்பு தடையாக நின்றது. 1928-ஆம் ஆண்டு மே முதல் தேதி லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே 632 கிலோமீட்டர் தூரத்தை நிற்காமல் கடக்கும் சேவை தொடங்கியபோது, டெண்டரின் ஒரு பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து செல்லக்கூடிய குறுகிய வழி அமைக்கப்பட்டது. பாதி வழியில், பின்னால் உள்ள பெட்டியில் இளைப்பாறிய டிரைவரும் ஃபயர்மனும் அவ்வழியே வந்து எஞ்சினை ஏற்றுக்கொண்டனர். அச்சேவையைத் தொடங்கிவைத்த "ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்" எஞ்சினுக்குப் பிற்காலத்தில் வேறொரு மாற்றம் தேவைப்பட்டது. பாதையில் இருந்த நீர்த் தொட்டிகள் அகற்றப்பட்டு வந்ததால், 1966-இல் நீருக்கென்றே இரண்டாவது டெண்டர் அதற்கு இணைக்கப்பட்டது.

மூன்றாவது எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்கா. அங்குள்ள கரூ என்னும் வறண்ட பிரதேசத்தில் நீர் அரிது. சாதாரண எஞ்சினில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறி வீணாகிறது. 1950-களில் அங்கு வந்த 25-ஆம் வகை எஞ்சின்கள் தொண்ணூறில், அந்த நீராவி குழாய் வழியே டெண்டருக்கு அனுப்பப்பட்டு, விசிறிகளால் குளிர்விக்கப்பட்டு, மீண்டும் நீராக்கப்பட்டது. நீர்ச் செலவில் நூற்றுக்கு 90 வரை மிச்சமாயிற்று. ஆனால் புகைபோக்கி வழியே பாயும் நீராவிதான் உலைக்குக் காற்றை இழுத்துக் கொடுத்து வந்தது. அது நின்றுபோனதால், காற்றை இழுக்க எஞ்சினின் முன்பகுதியில் தனி விசிறி ஒன்று வைக்க வேண்டியதாயிற்று. ஓர் உறுப்பை மாற்றினால் மற்றோர் உறுப்பு அதற்கு ஈடு செய்தாக வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று. பராமரிப்புச் செலவு அதிகமாக இருந்ததால் 1970-களில் இவ்வெஞ்சின்கள் பெரும்பாலும் சாதாரண வகையாக மாற்றப்பட்டன. அவற்றின் நீண்ட டெண்டர்களிலிருந்து குளிர்விக்கும் கருவிகள் நீக்கப்பட்டு, உருண்டையான நீர்த் தொட்டிகள் பொருத்தப்பட்டன.

ஆசிரியர்கள் செய்து காட்டக்கூடியவை

மேற்கூறிய கருத்துகளை வகுப்பில் அதிகச் செலவின்றி விளக்கலாம்.

ஒரே அளவான இரண்டு காகிதக் குவளைகளின் அகன்ற வாய்களை ஒன்றோடொன்று ஒட்டுக. இரண்டு நீண்ட கோல்களைத் தண்டவாளம்போல் இணையாகச் சற்றுச் சரிவாக வைத்து, அதன்மேல் குவளைகளை உருளவிடுக. சற்றுக் கோணலாக வைத்தாலும் அவை நடுவுக்குத் திரும்பும்; திரும்பும்போது இப்பக்கமும் அப்பக்கமுமாக ஆடுவதையும் காணலாம். அடுத்து, குறுகிய அடிப்பாகங்கள் ஒட்டப்பட்ட இரண்டு குவளைகளை உருளவிட்டால் அவை விரைவில் கோலைவிட்டு விழுந்துவிடும். சக்கரத்தின் கூம்பு வடிவம் எதற்கு என்பதும், ஊசலாட்டம் எங்கிருந்து பிறக்கிறது என்பதும் மாணவர்களுக்கு ஒருங்கே விளங்கும்.

நீளமான ஒரு தகர டப்பாவில் பாதி நீர் ஊற்றி, சக்கரம் பொருத்திய பலகையின்மேல் வைத்து இழுத்துத் திடீரென்று நிறுத்துக. பின்னர் துளையிட்ட அட்டைகளைக் குறுக்கே செருகி மறுபடியும் செய்க. அலை அடங்குவது நன்கு தெரியும்.

கரி, நீர்க் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும். கரியின் தரம் குறைந்தால், அல்லது கொதிகலனின் திறன் நூற்றுக்கு 55 ஆனால், ஒரு முழு டெண்டர் கரிக்கு எத்தனை முறை நீர் நிரப்ப வேண்டும் என்று கேட்கலாம்.

சித்தரஞ்சனில் 1972-ஆம் ஆண்டோடு நீராவி எஞ்சின் உற்பத்தி நின்றது. அகலப் பாதையில் அன்றாட நீராவி வண்டிகள் 1995-ஆம் ஆண்டு டிசம்பரோடு முடிவுற்றன. நிலைய மேடைகளில் நின்ற நீர்த் தூண்களும் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. ஆகையால் பழம்பெருமைக்காக இன்று ஒரு நீராவி எஞ்சினை ஓட்ட விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டெண்டரில் உள்ள நீர் எந்த ஊர்வரை போதும், அடுத்த நீர் எங்கே கிடைக்கும் என்பதே. நூறு ஆண்டுகளுக்கு முன் எஞ்சின் அமைப்பாளர்கள் கேட்ட அதே கேள்வி இது. அடுத்த முறை அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது மாணவர்களை எஞ்சினின் முகத்தருகே மட்டும் நிறுத்திவிடாமல், பின்னாலுள்ள டெண்டரையும், அதனை எஞ்சினோடு பிணைக்கும் இழுதண்டையும் குனிந்து பார்க்கச் செய்வது நலம்.